யாரால்

அருட்செல்வம் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. ஆள் அதிகம் சிரித்தான். முதியோர் இல்லத்தில் காலை வேலைக்காரர் போய் மாலை வேலைக்காரர் வருகிற நேரம் எல்லாருக்கும் முகம் தொங்கிப்போய் இருக்கும். இவன் மட்டும் கலியாண வீட்டுக்கு வந்தவன்போல "வணக்கம் அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவான். நாகர்கோவில் பக்கம். மனைவிக்கு இங்கே கணினி வேலை, இவனுக்கு எங்கள் தளத்தில் தற்காலிக வேலை. ஒக்டோபரில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து இரண்டு வருடத்தில் நிரந்தரம்! எனக்கு அதற்கு ஏழு வருடம் எடுத்தது. அதுவும் சந்தேகத்துக்கு ஒரு காரணம்தான், ஏன் ஒளிக்கவேண்டும்.

என் பெயர் அனஸ்ரேசியா. சொந்த ஊர் பேசாலை, இப்போது வீடு நோர்வேயில், ரொம்மனில். ரயிலில் குறொன்லாண்டில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வருகிற அந்த இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை. "உமக்குப் பால் வெள்ளையா இருந்தாலும் ஏன் இவ்வளவு வெள்ளை எண்டு ஒரு கேள்வி இருக்கும்" என்று என் மனுசன் கிளெமென்ற் சொல்லுவார். சொல்லட்டும். எங்கள் தளத்தில் மருந்து மாறிப்போனது இரண்டு தரம் பிடிபட்டது என்னால்தான். சந்தேகப்படாதவளுக்கு அது கண்ணில் பட்டிருக்குமா?

ஆறாம் இலக்க அறையில் ஹெட்டி இருந்தார். எண்பத்தாறு வயது. தென்னாபிரிக்காவில் பிறந்து, இருபத்துமூன்றில் ஒரு நோர்வே மாலுமியைக் கட்டிக்கொண்டு வந்தவர். அறுபது வருடம் நோர்வேஜிய மொழியில் கடைக்குப் போய், பிள்ளை வளர்த்து, மனுசனை அடக்கம் செய்து வாழ்ந்துவிட்டு, மறதி நோய் வந்த பிறகு அந்த மொழியை நனைந்த கோட்டைப்போலக் கழற்றிப் போட்டுவிட்டார். மிஞ்சியது பிறந்த வீட்டு ஆபிரிக்கான்ஸ் மட்டும். துரும்சோவில் இருக்கிற மகளுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஒருநாள் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள். ஹெட்டி அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, கேக் துண்டை எடுத்துச் சாப்பிட்டார்.

எனக்கு அவரை நல்ல விருப்பம். அவருக்கும் என்னை விருப்பம் என்றுதான் நினைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவராலும் அவரைப் படுக்க வைக்க ஏலாது. எழும்பி எழும்பி நடைபாதையில் நடப்பார், விழுந்து எலும்பை முறிப்பார் என்ற பயத்தில் எல்லாரும் பின்னால் ஓடுவார்கள். நான் போனால் ஐந்தே நிமிடம். சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தால் கண் மூடிவிடும். எங்கள் பொறுப்பாளர் சில்யே, நல்ல பெண், ஆனால் அரைமணிக்கு ஒருதரம் "நேரமில்லை" சொல்லுகிறவள், கதவடியில் நின்று பார்த்துவிட்டு "உன் கையில் மந்திரம் இருக்கிறது" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை, ஹெட்டியைக் குளிக்க வார்க்கும்போது கண்டேன். இடது கை, தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் நீலமும் பச்சையுமாக இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க அவர் குளிசை எடுக்கிறவர், லேசாகப் பட்டாலும் கன்றும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். லேசாகப் பட்டாலும் என்றால் என்ன, ஏதோ ஒன்று படத்தானே வேண்டும்? நான் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, என்ன இது என்று கையால் கேட்டேன். ஹெட்டி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எக் வோர்ட் ஹெஸ்லான்."

நோர்வேஜியனில் அடிக்கிறதுக்கு 'ஸ்லோ' என்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லில் அது ஒளிந்திருப்பது என் காதுக்குத் தெரிந்துவிட்டது. மாதாவே! யாரோ இவரை அடிக்கிறார்கள்.

அன்று பின்னேரமே எழுதிப் படிக்க ஒரு கொப்பி வாங்கினேன். தொலைபேசியில் இலவசப் பாடம் இருந்தது. ரொம்மனில் ரயில் ஏறினால் குறொன்லாண்ட் வரும்வரை காதில் மாட்டிக்கொண்டு, தமிழ் எழுத்தில் ஆபிரிக்கான்ஸ் எழுதிப் பழகினேன். கிளெமென்ற் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன கண்டறியாத பாஷை இது? ஐம்பத்தைஞ்சு வயசிலை தென்னாபிரிக்காவிலை புது மாப்பிள்ளை பாக்கிறீரோ?"

"ஓம், உங்களைவிடக் குறட்டை குறைஞ்ச ஆளாப் பாக்கிறன்" என்றேன்.

அவருக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. விஷயம் வெளியே போனால் கள்ளன் உசாராகிவிடுவான்.

நாலாம் பாடத்தில் அந்த வசனம் பிடிபட்டது. எக் என்றால் நான். ஹெஸ்லான் என்றால் அடிக்கப்பட்ட. நடுவில் நிற்கிற வோர்ட்டில்தான் விஷயம் இருந்தது. 'இஸ் ஹெஸ்லான்' என்றால் எப்போதோ அடிக்கப்பட்டு முடிந்துபோன கதை. 'வோர்ட் ஹெஸ்லான்' என்றால் முடியாத கதை, அடி விழுந்துகொண்டே இருக்கிறது. ஹெட்டி சொன்னது வோர்ட். நான் அடிக்கப்படுகிறேன்.

அந்த மொழியின் ஒழுங்கு எனக்கு லேசாக வந்தது. நோர்வேஜியனில் அடியை முதலே போட்டுவிட்டு, எப்போது, யாரால் என்பதைப் பிறகு வால்போலத் தொங்கவிடுவார்கள். ஆபிரிக்கான்ஸில் எங்களைப்போலத்தான். எப்போது, எங்கே, யாரால் எல்லாம் நடுவில் இருந்து கதைத்து முடித்த பிறகே அடி கடைசியில் வந்து விழும். ஆனால் நடுவில் அந்த 'யாரால்' இல்லாமலும் வசனம் முழுசாகிவிடுகிறது. அடிபட்டவர் இருக்கிறார், அடி இருக்கிறது, அடித்தவனைக் காணோம். பாடம் சொல்லுகிற பெண், செய்தவரைச் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்று இனிப்பாகச் சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏன் விடவேண்டும்? அவனைத்தானே நான் தேடுகிறேன்.

அடுத்த கிழமை ஹெட்டி தானாகவே சொன்னார். "எக் வோர்ட் எல்க டாஹ் ஹெஸ்லான்." நடுவில் புதிதாக இரண்டு சொல் உட்கார்ந்திருந்தது. எல்க டாஹ். ஒவ்வொரு நாளும்.

நான் பொலிஸ்காரிபோலக் கணக்குப் பார்த்தேன். என் வேலை காலை ஏழரையிலிருந்து மூன்று வரை. காயத்தைக் காண்பது காலைக் குளிப்பில். அப்படியானால் நடந்தது மாலையில். மாலையில் ஆறாம் அறைக்குப் போவது பெரும்பாலும் அருட்செல்வம். காயம் எப்போதும் இடது கையில். முன்னால் நிற்கிற ஒருவனின் வலது கை எங்கே விழும்? இடது கையில். ஒருநாள் அவன் ஹெட்டியைக் கட்டிலில் இருந்து கையைப் பிடித்து ஒரே தூக்கில் எழுப்பியதையும் கண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே தூக்கினான். வேறு என்ன வேணும்?

செப்டெம்பரில் ஒரு கிழமை லீவு எடுத்து ஜேர்மனியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஹெட்டியின் கையில் பழையது மஞ்சளாகி மறைந்திருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. அட கள்ளா, என்று நினைத்தேன். நான் இல்லாதபடியால் புதியவர்கள் வந்துபோயிருப்பார்கள், ஆள் பயந்து கையைச் சுருட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் வந்து மூன்றாம் நாள் திரும்பவும் நீலம். அது எனக்குச் சொன்ன செய்தியை நான் வாசிக்கவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் வாசித்தேன்.

அன்றே கணினியில் முறைப்பாட்டுப் படிவத்தைத் திறந்தேன். 'இடது மேற்கையில் காயம் காணப்பட்டது. மாலை நேரத்தில் ஏற்படுத்தப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது.' அப்படித்தான் எழுதினேன். சந்தேகிக்கப்படுகிறதாம்! சந்தேகப்பட்டது முழுக்க முழுக்க நான். ஆனால் எழுதும்போது என்னைக் காணோம். பாடத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்த அதே வேலையை என் விரல் சுகமாகச் செய்துவிட்டது. பிறகு சில்யே அறைக்குள் கூப்பிட்டு, மாலையில் யார் என்று கேட்டபோது, காதும் காதும் வைத்தமாதிரி ஒரு பெயரைச் சொன்னேன். ஒரே ஒரு பெயர்.

இரண்டு நாளில் அருட்செல்வத்தை வேலைப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். விசாரணை முடியும்வரை வரத் தேவையில்லை. நிரந்தர வேலைக் கதையும் நின்றுபோனது.

சனிக்கிழமை குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் "அக்கா" என்று கேட்டது. அவன்தான். சிரிக்கவில்லை. சிரிக்காத முகம் அவனுக்குப் பொருந்தவேயில்லை.

"அக்கா, யாரோ என் மேல கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்க. நான் அந்தப் பாட்டிய அடிச்சேன்னு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும், தம்பி? நான் காலமை வேலைதானே."

"இல்ல, நீங்க சீனியர். சில்யேகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா... இந்தப் பேரோட வேற எந்த ஹோம்லயும் எடுக்க மாட்டாங்க அக்கா. நான் யாரையும் அடிச்சதில்ல. என் பொண்ணக்கூட அடிச்சதில்ல."

"உண்மை எப்பிடியும் வெளியிலை வரும்" என்றேன். எவ்வளவு பெரிய வாய் எனக்கு! முருங்கைக்காயை வாங்காமலே வெளியே வந்து, நடிக்கிறான், நல்லாக நடிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அவன் போய் ஒன்பதாம் நாள், குளிப்பில், ஹெட்டியின் இடது கையில் புத்தம்புது நீலம்.

அவன் இல்லை, ஆனால் அடி இருக்கிறது. அப்படியானால்? இரவு வேலைக்கு வருகிற ஆட்கள் ஒவ்வொருவரையும் மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். போன ஞாயிறு வந்துபோன ஹெட்டியின் மகளைக்கூட நிறுத்திப் பார்த்தேன். என்னை மட்டும் நிறுத்திப் பார்க்கவில்லை. போதும் இந்தக் கணக்கு, வாயால் கேட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அடுத்த நாள் ரயிலில் அந்த ஒரே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மத்தியானம் ஒரு மணி. ஹெட்டி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் வழமைபோலப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டுவதற்கு முன் குனிந்து கேட்டேன்.

"டியர் வி வோர்ட் யேய் ஹெஸ்லான்?"

யாரால் நீங்கள் அடிக்கப்படுகிறீர்கள்? 'யாரால்' என்பதை முதலே வைத்துக் கேட்கவேண்டும் என்று ஏழாம் பாடத்தில் இருந்தது.

ஹெட்டி மெதுவாகத் திரும்பினார். வருடக்கணக்காக அவருடைய மொழியில் ஒருவரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். கண் தெளிந்து, ஒரு பள்ளிக்கூட ரீச்சர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு போர்வைக்குள் இருந்து வலது கையை எடுத்து, தன் இடது கையில், அந்த நீலத்துக்கு மேல், அடித்துக் காட்டினார். மூன்று அடி, சின்ன இடைவெளி. திரும்ப மூன்று அடி. அடித்துக்கொண்டே வாயைத் திறக்காமல் "ம்ம்... ம்ம்..." என்று ஒரு ராகம்.

அந்த ராகம் எனக்குத் தெரியும். ஆராரோ சொல்ல வெட்கப்பட்டு, நான் தட்டும்போது மூக்கால் பாடுகிற ராகம்.

"டியர் யோ" என்றார் ஹெட்டி.

உன்னால்.

முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். விசர்க் கிழவி, அருமையாகப் பார்த்த எனக்கா இந்தப் பட்டம் என்று உள்ளுக்குள் கத்தினேன். இரண்டாவதாக வந்தது அதைவிடக் கேவலம். கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இருந்தாலும் விளங்கியிராது. இந்தக் கட்டடத்திலேயே அந்த மொழி விளங்கிய ஒரே ஆள் நான்தான். நான் வாயை மூடினால் அந்த இரண்டு சொல்லும் அந்த அறையோடு போய்விடும். காயம் 'காணப்பட்டதாகவே' இருக்கும். அருட்செல்வம் வேறு வேலை தேடுவான். இளம் ஆள்தானே.

அன்று நான் தட்டவில்லை. ஹெட்டி நித்திரை கொள்ளவுமில்லை.

பின்னேரம் வீட்டில், மகள் மேரின் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது, பிசியோதெரபி படிக்கிறாள். நான் சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டேன்.

"பிள்ளை, சின்னனிலை நான் உன்னைத் தட்டித் தட்டி நித்திரையாக்கினது ஞாபகம் இருக்கோ?"

அவள் சிரித்துவிட்டாள். "தட்டினதோ? அம்மா, அது மேளம்! தோள் பொறுக்க ஏலாது."

"பொய் சொல்லாதை. அஞ்சு நிமிஷத்திலை நித்திரையாகிடுவாய்."

"நித்திரை எங்கை? கண்ணை மூடிடுவன். மூடினா நீங்கள் நிப்பாட்டுவீங்கள்தானே." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "ஸ்லாப் ஆவ், அம்மா, பதறாதேங்கோ. நான் பகிடிக்குச் சொன்னனான். நீங்கள் அன்பிலை செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்" என்றேன். ஹெட்டிக்கு யார் சொன்னது?

காலையில் வேலைக்குப் போகுமுன் அருட்செல்வத்துக்குப் போன் எடுத்தேன். முறைப்பாடு எழுதினது நான், உன் பெயரைச் சொன்னதும் நான், கை என்னுடையது, இன்றைக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"நான் பாத்திருக்கேனே அக்கா, நீங்க தட்டுறத. ஒரு நாள் சீக்கிரம் வந்தப்ப. கதவுல நின்னு பாத்துட்டே இருந்தேன். எங்க அம்மாவும் அப்படித்தான் தட்டுவாங்க. எனக்கு அடின்னே தோணல."

"எனக்கும் தோன்றேல்லை, தம்பி" என்றேன்.

"ஆனா என் மேல மட்டும் எப்படிக்கா தோணுச்சு?"

மன்னிப்புக் கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

வேலையிடத்தில் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். விரல் தன் பாட்டுக்கு 'ஹெட்டி அடிக்கப்பட்டிருக்கிறார்' என்று நோர்வேஜியனில் அடித்துவிட்டது. அழித்தேன். 'தட்டிக்கொடுக்கும்போது தவறுதலாக' என்று தொடங்கிப் பார்த்தேன். நல்ல வசனம், நாக்கில் கரைகிறமாதிரி. ஹெட்டி அப்படிச் சொல்லவில்லையே. அழித்தேன். இந்த நாட்டு மொழியில் 'யாய்' என்ற நானை முதலே போடவேண்டும், ஒளிக்க இடமில்லை. தமிழில் நானை விழுங்கலாம், ஆனால் வினையின் வாலில் பிடித்துக்கொண்டு அது வந்தே தீரும்: அடித்தேன்.

'நான் ஹெட்டியை அடித்தேன். ஒவ்வொரு நாளும், மத்தியானம் ஒரு மணிக்கு, இடது கையில். நித்திரையாக்குவதாக நினைத்துக்கொண்டு அடித்தேன். முன்பு நான் பெயர் சொன்ன அருட்செல்வத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' கீழே என் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினேன். என்னை இனி ஆறாம் அறைக்கு விடுவார்களோ, இந்த வேலைக்கே விடுவார்களோ தெரியாது. சில்யே கூட்டம் முடிந்து வந்துதான் வாசிப்பாள்.

நேரம் ஒரு மணி ஆகிவிட்டது. ஆபிரிக்கான்ஸில் மன்னிப்புக் கேட்கிற வசனம் ஒன்றைக் கையில் எழுதிக்கொண்டு ஆறாம் அறைக்குப் போனேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். கதவடியில் நின்று உள்ளே பார்த்தேன். ஹெட்டி முழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு கால் உள்ளே வைத்தேன், என் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஹெட்டி சடாரென்று சுவர்ப்பக்கம் திரும்பி, இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.